எஞ்சின் வெந்நீர்

திருவண்ணாமலை ஸ்டேஷனுக்குப் பழைய எஞ்சின் ஒன்று வரப்போகிறது என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்து நீராவி எஞ்சினாம். எங்கேயோ ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்ததை எடுத்துப் பழுது பார்த்து, பெயின்ட் அடித்து, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுகிறார்களாம். விழுப்புரத்திலிருந்து காட்பாடி போகிற வழியில் இங்கே கொஞ்ச நேரம் நிற்கும், பொதுமக்கள் வந்து பார்க்கலாம் என்று போட்டிருந்தது.

ஸ்டேஷன் தெருக்காரர்கள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். எண்பத்து நாலாம் வருஷம் அது. அந்த லைனில் தினமும் ஓடுகிறது எல்லாமே கரி எஞ்சின்தான். காயப்போட்ட வேட்டியில் கரி, சோற்றுப் பானையில் கரி, பிள்ளைகள் மூக்கைச் சிந்தினால் அதிலும் கரி.

"தெனம் வர்றது மட்டும் இன்னா, பால் ஊத்தியா ஓடுது?" என்றான் தருமன்.

தருமன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவன். மல்லாட்டை என்கிற நிலக்கடலை வரத்து ஜாஸ்தியாக இருக்கும் தை மாசியில் ராத்திரி மல்லாந்து படுக்க முடியாது, முதுகு அப்படி எரியும். எஞ்சின் வருகிற அன்றைக்கு ஷெட்டை மூடிவிட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். வேலை இருந்திருந்தாலும் அவன் போயிருக்கமாட்டான். அன்றைக்கு அவன் வீட்டில் தீட்டுக் கழிக்கிற நாள். அவன் பெண்டாட்டி கஸ்தூரி பெற்றிருக்கும் பெண் குழந்தைக்கு உச்சிப் பொழுதுக்குள் தலைக்கு ஊற்றியாக வேண்டும்.

அதுவும் எஞ்சின் வெந்நீரில் ஊற்ற வேண்டும். ஸ்டேஷன் தெருவின் வழக்கம் அது. கரியை நனைக்க எஞ்சினில் ஒரு சின்ன பைப்பு வைத்திருப்பார்கள். திறந்தால் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வரும். விறகு மிச்சம் என்றுதான் எவளோ ஒருத்தி முதன்முதலில் குடத்தை நீட்டியிருப்பாள். போகப் போக அது சாங்கியமாகிவிட்டது. பிள்ளை பிறந்தால் தவலையோடு போய் டிரைவருக்கு ஒரு தேங்காயும் வெற்றிலை பாக்கும் கொடுத்துவிட்டு வெந்நீர் பிடித்து வருவார்கள். அதில் குளித்த பிள்ளை சத்தத்துக்குப் பயப்படாது, நெஞ்சில் சளி கட்டாது, மூச்சு எஞ்சின் மாதிரி நிற்காமல் ஓடும் என்பார்கள். தெருவில் முக்கால்வாசிப் பேர் அப்படிக் குளித்தவர்கள்தான். அவர்களிலும் இருமி இருமிச் செத்தவர்கள் உண்டு. அதை யாரும் எடுத்துப் பேசுவதில்லை.

தருமனுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் கஸ்தூரிக்கு இதற்கு முன்னால் ஒரு பையன் பிறந்திருந்தான். பிரசவம் அவள் அம்மா வீட்டில், செங்கத்துக்கு அந்தப் பக்கம். அங்கே எஞ்சினுக்கு எங்கே போவது? அடுப்பில் காய்ச்சித்தான் ஊற்றினார்கள். கைக்குழந்தையாகவே மூச்சுத் திணறிச் செத்துப்போனான். டாக்டர் நிமோனியா என்றார். கஸ்தூரி தண்ணீர்தான் காரணம் என்றாள். வேறு எதைச் சொன்னாலும் அவள் காதில் ஏறவில்லை. இந்தத் தடவை அம்மா வீட்டுக்கே போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

காலையிலேயே தவலையைத் துலக்கி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். அதன் கழுத்தில் மஞ்சள் நூல் சுற்றினாள். குழந்தைக்கு ஊற்ற வந்திருந்த பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள், வெற்றிலையைத் தவலை வாயில் பரப்பி அதன் மேல் டிரைவருக்கான தேங்காயை உட்காரவைத்தாள்.

"தண்ணி புடிக்கப் போறவனுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ ஜோடனை?" என்றான் தருமன்.

"பொம்பளப் புள்ளைக்கு மொதத் தண்ணி. மொட்டையாவா எடுத்துட்டுப் போவ?" என்றாள் கஸ்தூரி. பிறகு குரலை இறக்கி, "வேற எங்கனா புடிச்சுட்டு வந்து என்னை ஏமாத்தாதய்யா. வாசனையிலயே கண்டுபுடிச்சுடுவேன்" என்றாள். அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் தவலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

ஸ்டேஷனில் நிற்க இடமில்லை. திருவிழாவுக்கு வருகிற மாதிரி கிராமங்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மேளக்காரர்கள் வேறு. தருமன் ஒரு போர்ட்டரைப் பிடித்து, காட்பாடி பாசஞ்சர் எப்போது வரும் என்று கேட்டான்.

"அத துரிஞ்சாபுரம் ஸ்டேஷன்லயே நிறுத்தி வச்சுட்டாங்கய்யா. இந்த ஸ்பெஷல் போன பொறவுதான் விடுவாங்க. மத்தியானம் ஆவும்."

தருமன் வெயிலை அண்ணாந்து பார்த்தான். மத்தியானம் வந்து என்ன பிரயோஜனம்? எதிரே டீக்கடையில் அண்டா நிறைய வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு தவலை வாங்கி, தண்டவாளத்து எண்ணெயைத் துணியில் தொட்டு உள்ளே ஒரு தடவு தடவிவிட்டால் போதும். நினைத்துப் பார்த்தான். கடை வாசல்வரை நடந்தும் போனான். நாளைக்கே குழந்தைக்குச் சளி பிடித்து இருமினால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தோன்றியது. திரும்பிவிட்டான்.

அப்போது தண்டரை ஸ்டேஷன் பக்கமிருந்து விசில் கேட்டது. தினமும் கேட்கிற விசில் இல்லை. கொஞ்சம் மெல்லிசான குரல், கடைசியில் மேலே இழுத்துக்கொண்டு போயிற்று. கூட்டம் மொத்தமும் "அண்ணாமலைக்கு அரோகரா!" என்று கத்தியது. எதற்குக் கத்துகிறோம் என்று யாரும் யோசிக்கவில்லை. அந்த ஊரில் பெரிதாக ஏதாவது அசைந்து வந்தால் வாயில் அதுதான் வரும்.

எஞ்சின் மெதுவாக உள்ளே வந்தது. கேலி பேசிய தருமனே வாயைப் பிளந்துகொண்டு நின்றான். சின்ன எஞ்சின். தினமும் வருகிறதில் பாதிதான் இருக்கும். உடம்பெல்லாம் பச்சை, ஓரத்தில் சிவப்புக் கோடு, முதுகில் பித்தளைக் குமிழ் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. சக்கரங்கள்கூடத் துடைத்துத் துடைத்துப் பளபளத்தன. குளத்தில் இறக்கித் தேய்த்துக் கழுவிக் கூட்டிவந்த கன்றுக்குட்டி மாதிரி, புஸ்ஸு புஸ்ஸென்று மூச்சுவிட்டபடி வந்து நின்றது. இவ்வளவு வயசாகியும் மூச்சு சீராகத்தான் வருகிறது என்று நினைத்தான். அதைத் தட்டிக்கொடுக்க வேண்டும்போல இருந்தது.

அடுத்த நினைப்பு, இதுவும் கரி எஞ்சின்தானே, இதிலும் வெந்நீர் இருக்குமே என்பது.

ஆனால் சுற்றிலும் கயிறு கட்டிப் போலீஸ் நின்றது. தவலையை இடுப்பிலிருந்து தூக்கித் தோள் உயரத்துக்குப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் வழி விடுங்க, கொஞ்சம் வழி" என்று இடித்துக்கொண்டு போனான். மஞ்சளும் குங்குமமும் நூலும் வெற்றிலையும் தேங்காயுமாகத் தவலை தலைகளுக்கு மேலே போவதைப் பார்த்த ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டு, "கும்பம் வருது! கோயில்ல இருந்து கும்பம் வருது, வழி விடுங்கடா!" என்று கத்தினார்.

கூட்டம் பிளந்தது. பெண்கள் தவலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். போலீஸ்காரரே கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். மேளக்காரர்கள் வேகமாக வாசித்தபடி முன்னால் வந்துவிட்டார்கள். எஞ்சினோடு வந்த மெட்ராஸ் அதிகாரி அவசர அவசரமாக ஷூவைக் கழற்றினார்.

"சார், இது கும்பம் இல்ல சார், எங்க வூட்டுத் தவலை..."

"பெரிய மரியாதை செஞ்சிருக்கீங்க. கோயில்ல எல்லார்க்கும் எங்க நன்றியச் சொல்லணும்" என்றார் அதிகாரி. நாதஸ்வரத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கையாலும் தவலையை வாங்கி, கும்பிட்டு, எஞ்சின் முகப்பில் இருந்த பலகைமேல் கொண்டுபோய் வைத்தார். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். தருமன் நெற்றியில் ஒரு கை விபூதி அப்பியது, கழுத்தில் ஒரு சாமந்தி மாலை விழுந்தது. போட்டோகூட எடுத்தார்கள்.

தருமன் மாலையோடு நின்றான். வெந்நீரும் இல்லை, இப்போது தவலையும் இல்லை. எஞ்சின் தண்ணீர் பிடித்து முடித்தாயிற்று. கார்டு கொடியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். விட்டால் கஸ்தூரியின் தவலை காட்பாடிக்குப் போய்விடும்.

கரி தள்ளுகிறவர் இருக்கும் பக்கம் ஓடினான். மேலே ஒருத்தர் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண் இரண்டையும் தவிர எல்லாம் கறுப்பு.

"அண்ணே, அந்தத் தவலை எனக்கு வேணும்ண்ணே."

"இன்னாய்யா நீ, கோயில் மரியாதைன்னு குடுத்துட்டுத் திருப்பிக் கேக்கற?"

"கோயிலும் இல்ல, கொளமும் இல்லண்ணே. உள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் தவலை. வெந்நீர் புடிக்க வந்தேன். அந்தாளு புடுங்கிக்கினு போய் அங்க வச்சுட்டாரு."

அவர் துடைப்பதை நிறுத்தினார். "யார் வூட்ல பிரசவம்?"

"எம் பொண்டாட்டிதான். பொண்ணு."

"அட பாவி! மாலையப் போட்டுக்கினு நிக்கற, நான் தர்மகர்த்தான்னு நெனச்சேன்." அவர் சிரித்த சிரிப்பில் பல் மட்டும் தெரிந்தது. "விழுப்புரத்துல எங்க லைன்லயும் இதே வழக்கம்தான்யா. நானே எஞ்சின் தண்ணில குளிச்சவன். எங்கப்பன் அதுல சந்தோசப்பட்டு எனக்குச் சக்கரவர்த்தின்னு பேர் வச்சான். பாரு, எப்படி ஆட்சி பண்றேன்."

கீழே குதித்து நேராக அதிகாரியிடம் போனார். "சார், கும்பம் முன்னால இருந்தா வண்டி குலுங்கறப்ப வுழுந்துடும். நல்லதில்ல. எஞ்சின் தீர்த்தம் ஊத்தித் திருப்பிக் குடுக்கறதுதான் இந்த லைன்ல மொறை."

"அப்படியா? முறைன்னா செஞ்சிடுங்க" என்றார் அதிகாரி.

தவலையை எடுத்துக்கொண்டு மேலே ஏறி, தேங்காயையும் வெற்றிலையையும் தன் பெட்டிக்குள் பத்திரப்படுத்திவிட்டு, சக்கரவர்த்தி பைப்பைத் திறந்தார். ஆவி பறக்கத் தவலை நிறைந்தது. "தலைக்கு ஊத்தறப்ப பச்சத் தண்ணி கலந்துக்கோ. எம் பேரச் சொல்லி ஒரு சொம்பு ஊத்து" என்று இறக்கிக் கொடுத்தார். தருமன் அவர் கையைப் பிடித்தான். மாலை நடுவில் இடித்தது.

அங்கேதான் அடுத்த தொல்லை. தீர்த்தம் என்ற வார்த்தை அதற்குள் கூட்டத்தில் பரவிவிட்டது.

"சாமி, எனக்கு ஒரு கை!"

"எம் புள்ளைக்குக் கொஞ்சம் சாமி!"

டம்ளர்கள் நீண்டன. "யோவ், கொதிக்குதுய்யா, வெந்துடும்!" என்று கத்தியபடி தருமன் தவலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினான். வெந்நீர் அலம்பி வயிற்றில் வழிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். முதுகில் மூட்டை எரிச்சல், வயிற்றில் வெந்நீர் எரிச்சல். தெருமுனை வரைக்கும் விடாமல் வந்த ஒரு பாட்டிக்கு மட்டும் துளி ஊற்றினான். அவள் உதறிக்கொண்டே குடித்தாள்.

வீட்டு வாசலில் கஸ்தூரி குழந்தையோடு நின்றிருந்தாள். மாலையும் விபூதியுமாக மூச்சிரைக்க வந்தவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, ரெண்டாங் கல்யாணமா?"

"மொதல்ல தண்ணியப் புடி."

எட்டிப் பார்த்தாள். பாதித் தவலைதான் இருந்தது. குனிந்து முகர்ந்தாள். முகம் மாறியது. "பெயின்டு வாசனை வருதே."

"புது பெயின்டு அடிச்ச பழைய எஞ்சினு" என்று நடந்ததையெல்லாம் சொன்னான். வெள்ளையம்மாள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கஸ்தூரி சிரிக்கவில்லை. விரலைத் தண்ணீரில் விட்டு எடுத்து இன்னொரு தடவை முகர்ந்தாள். அவன் சட்டையைத் தூக்கி, சிவந்து கிடந்த வயிற்றைப் பார்த்தாள். பிறகு குழந்தையை வெள்ளையம்மாளின் நீட்டின கால்களில் கிடத்தினாள்.

விளாவி முதல் சொம்பை ஊற்றுகிற நேரத்தில், வீட்டுக்குப் பின்னால் தண்டவாளத்தில் பச்சை எஞ்சின் கிளம்பிப் போனது. தெருவைக் கடக்கும்போது நீளமாக விசில் கொடுத்தது. சக்கரவர்த்தி வேலையாகத்தான் இருக்கும். குழந்தை தூக்கிவாரிப் போட்டு, கையையும் காலையும் உதறிக்கொண்டு வீறிட்டது.

"சத்தத்துக்குப் பயப்படாதுன்னீங்க?" என்றான் தருமன்.

"பயந்தா அழுவுது? எஞ்சினுக்குப் பதில் சொல்லுது" என்றாள் வெள்ளையம்மாள்.

கஸ்தூரி குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிவக்க, மூச்சை அடக்கி அடக்கி, அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அது கத்தியது. முதல் பிள்ளை பூனைக்குட்டி மாதிரிதான் அழுவான்.

"கத்துடி. இன்னும் நல்லாக் கத்து" என்றாள் கஸ்தூரி. கண்ணிலிருந்து வழிந்ததை முழங்கையால் துடைத்துக்கொண்டாள்.

மத்தியானம் துரிஞ்சாபுரத்திலிருந்து பாசஞ்சர் விசில் கொடுத்துக்கொண்டு வந்தது. வழக்கமான கரகரத்த குரல். தருமன் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டுத் தலையைச் சாய்த்திருந்தான். கஸ்தூரி தவலையை அவன் பக்கத்தில் டொக்கென்று வைத்தாள்.

"பாதிதான வந்துச்சு. மிச்சத்த இதுல புடிச்சுட்டு வா. ராத்திரிக்குப் புள்ளைக்கு ஒடம்புக்கு ஊத்தலாம்."

அவன் தவலையைப் பார்த்தான். மஞ்சள், குங்குமம், நூல் எல்லாவற்றையும் அவள் சுரண்டிக் கழுவியிருந்தாள்.

"இந்த வாட்டி மொட்டையாவே எடுத்துட்டுப் போ" என்றாள்.