நாலு மணி டீச்சர்

பெரியவன் அப்பாவின் அறைக்குள் நுழையப் போனான். தங்கை சின்னவள் கதவை மறித்து நின்றாள்.

"அம்மா போயிட்டாங்கன்னு காலைலேருந்து மூணு தடவை சொல்லிட்டேன்ணா. மூணு தடவையும் இப்பத்தான் கேக்குற மாதிரி அழறாரு. அரைமணில மறந்துடறாரு. திரும்பவும் வேண்டாம்."

"சுடுகாட்டு வண்டி வந்துடும். கடைசியா முகம் பாக்க வேணாமா? நாளைக்கு நாமதான் பதில் சொல்லணும்."

"யாருக்கு?"

அவன் வாசலை எட்டிப் பார்த்தான்.

முன்னறையில் அம்மா கிடந்தாள். மணி நாலு. உள்ளே அப்பா மேசைக்கு இரண்டு பக்கமும் நாற்காலி இழுத்துப் போட்டார். மறதி நோய்க்கு நர்ஸ் கற்றுத்தந்த பயிற்சி அது. வாரம் மூன்று நாள், இதே நேரம், அம்மா எதிரில் உட்கார்ந்து அரைமணி பேசுவாள்.

"ஞாபகம் இருக்கான்னு கேக்காதீங்கம்மா, எது பிடிக்கும்னு கேளுங்க" என்பாள் நர்ஸ்.

கட்டின பெண்டாட்டி என்பது மறந்து, அப்பா அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார். "அம்பது வருஷம் கழிச்சு இப்பத்தான் மரியாதை கிடைச்சிருக்கு" என்று அம்மா சிரிப்பாள்.

அப்பா காலி நாற்காலியைப் பார்த்து, காது கொடுத்துக் கேட்டுத் தலையாட்டினார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர்.

"மழைதான் டீச்சர். வெயில்ல எஞ்சின் சூடு காலப் பொசுக்கும். மழைன்னா வைப்பர் அது பாட்டுக்கு ஆடிட்டிருக்கும்."

சின்னவள் சமையலறைக்குப் போனாள். அலமாரியில், அம்மாவின் கண்ணாடிக்கூட்டுக்கு அடியில் பயிற்சி நோட்டு இருந்தது. இன்றைய தேதிக்கு அம்மா நேற்றே எழுதி வைத்திருந்தாள்: 'மழையில் ஓட்டப் பிடிக்குமா, வெயிலிலா?' கீழே, பதிலுக்கு இரண்டு வரி இடம்.

அவள் அந்தக் கேள்வியை இன்னொரு தடவை படித்தாள். வாசலில் வண்டி வந்து நின்றது.

"நீயே அப்பாகிட்ட சொல்லிடு" என்றான் பெரியவன்.

நோட்டோடு உள்ளே போய்க் காலி நாற்காலியைத் தொட்டாள்.

"அதுல உக்காராதம்மா. டீச்சர் இருக்காங்க."

கையை எடுத்துக்கொண்டாள்.

"அப்பா, முன்னறைக்கு வரப் பிடிக்குமா, இங்கயே இருக்கப் பிடிக்குமா?"

அப்பா எதிரே பார்த்தார்.

"இங்கயே. டீச்சரத் தனியா விட்டுட்டு எப்படி வர்றது?"

சின்னவள் நோட்டை விரித்து, காலி நாற்காலியின் பக்கமாகத் திருப்பி வைத்தாள். பென்சிலையும் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.