பெயர் போட்ட படம்

“சார், அந்தக் கயித்தக் கொஞ்சம் இழுத்துப் புடிங்க” என்று ஏணி மேலிருந்தவன் சொன்னதும், ஜேசன் கையிலிருந்த தண்ணீர்க் கேனைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றை இழுத்தான். சுருண்டு கிடந்த ஃப்ளெக்ஸ் படபடவென்று அடித்துக்கொண்டு விரிந்தது. அஸ்தினாபுரம் தெருமுனையில் விளக்குக் கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே விறைத்து நின்றது. ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற கறுப்பு எழுத்துகளுக்குக் கீழே எபி சிரித்துக்கொண்டிருந்தான். அவன் நெற்றியில் தொடங்கி, கன்னத்தைத் தாண்டி, நெஞ்சு வரைக்கும் வெளிறிய வெள்ளை எழுத்துகள் சாய்வாக ஓடின. ஜேசன் போட்டோஸ், சாம்பிள். ஜேசன் போட்டோஸ், சாம்பிள்.

முடிச்சுப் போடச் சொல்லி மேலிருந்தவன் மறுபடியும் கூப்பிட்டான். ஜேசன் முடிச்சைப் போட்டான். தன் கையாலேயே இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தான்.

எழில் அருகில் வந்தாள். பள்ளியில் எபியிடம் பத்தாம் வகுப்புக் கணக்குப் படித்தவள், இப்போது பெருங்குடியில் வேலை பார்க்கிறாள். முந்தைய நாள் மாலை வகுப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போதே எபி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும், ஆட்டோவிலேயே உயிர் போய்விட்டதும் தெரிந்ததிலிருந்து பழைய மாணவர்களுக்கெல்லாம் போன் போட்டவள் அவள்தான். ஃப்ளெக்ஸும் அவள் ஏற்பாடு.

“எபி சார் போன்ல இருந்த போட்டோல இதுதான் சார் நல்லா இருந்துச்சு. எழுத்த எடுக்க முடியுமான்னு பிரிண்டிங் கடைல கேட்டோம். எடுத்தா மூஞ்சி கலங்குதுன்னாங்க. நீங்க எடுத்ததுதானே, உங்க பேரு இருக்கட்டும்னு விட்டுட்டோம்.”

அவள் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. பரவாயில்லம்மா என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு எபியின் வீட்டைப் பார்த்து நடந்தான்.

எபியும் அவனும் கல்லூரியில் ஒரே பெஞ்சு. பிறகு எபியின் தங்கை டெபோராவை ஜேசன் கல்யாணம் செய்துகொண்டதும், அதுவரை வாய்ப்பேச்சுக்குச் சொன்ன ‘மச்சான்’ நிஜமாகிவிட்டது. ஜேசன் தாம்பரத்தில் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை செய்கிறான். கேமரா அவனுக்குத் தொழில் இல்லை, பைத்தியம். சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கரணைக்குப் பறவை பார்க்கப் போவான். இல்லையென்றால் கோவளத்துக்குப் படகு பார்க்கப் போவான். பின்சீட்டில் எபி உட்கார்ந்திருப்பான், மடியில் ட்ரைபாடோடு.

எபிக்குப் படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. ஜேசன் சதுப்பு நிலத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நாரைக்காகக் காத்திருக்கும்போது, பின்னால் எபி வேர்க்கடலையை உரிக்கிற சத்தம் கேட்கும். மழை தூறினால், தான் நனைந்துகொண்டு கேமராவுக்குக் குடை பிடிப்பான். எல்லாம் முடிந்து டீக்கடையில் உட்காரும்போது, “கெடச்சுதா மச்சான்?” என்று மட்டும் கேட்பான். கிடைத்தது என்றால் அவனுக்கும் சந்தோஷம், கிடைக்கவில்லை என்றால் ஜேசனைவிட அவனுக்குத்தான் வருத்தம்.

நண்பர்கள் படம் கேட்பார்கள், ஜேசன் கொடுப்பான். கல்யாணம், ஞானஸ்நானம், பிறந்தநாள் என்று யார் கூப்பிட்டாலும் போவான். பந்தியில் உட்காரக்கூட நேரமில்லாமல் எடுத்துக் கொடுத்துவிட்டு, ஆல்பம் ஏன் இன்னும் வரவில்லை என்று திட்டும் வாங்குவான். ஒருநாள் வேளச்சேரி ரோட்டில் ஒரு மனைப்பிரிவு விளம்பரப் பலகையில், கோவளத்தில் அவன் எடுத்த படகுப் படம் வீட்டு உயரத்துக்கு நின்றது. ஸ்டேட்டஸில் வைக்க என்று கேட்டு வாங்கிய அலுவலக நண்பன் மோகன்ராஜ், பகுதி நேரமாக மனை விற்றுக்கொண்டிருந்தான். கேட்டதற்கு, “உன் படத்த இவ்ளோ பேர் பாக்கறாங்க, சந்தோஷப்படு” என்றான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஜேசன் ஒரு முடிவு செய்தான். இனிமேல் யாராக இருந்தாலும், தொழிலுக்குப் படம் வேண்டுமென்றால் கட்டணம். அதுவரை மேலே பெயர் போட்ட சாம்பிள்தான். டெபோராவும் நியாயம்தான் என்றாள். லென்ஸ் வாங்கிய கடன் அவளுக்குத் தெரியும். அது நியாயம்தான் என்பதில் ஜேசனுக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

ஆனால் முதலில் கேட்டது எபி.

பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையில் டியூஷன் சென்டர் தொடங்கியிருந்தான். தெருவில் எல்லா டியூஷன் போர்டிலும் வாத்தியார் படம் இருந்தது. கோவளத்தில் எடுத்த தன் படத்தைப் போர்டில் போடலாமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டான். அதைப் படித்தபோது ஜேசனுக்கு மோகன்ராஜின் முகம்தான் ஞாபகம் வந்தது. ஒருவனுக்கு விட்டுக்கொடுத்தால் எல்லோருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டிவரும் என்று நினைத்தான். பெயர் போட்ட சாம்பிளை அனுப்பிவிட்டு, “பிசினஸ் யூஸ்னா சார்ஜ் உண்டு மச்சான். உனக்குப் பாதி” என்று எழுதினான்.

கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிற எமோஜி ஒன்றை எபி பதிலுக்கு அனுப்பினான், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் போர்டு வந்தது. எபி மேத்ஸ் சென்டர். படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முக்கோணம். ஜேசன் வண்டியை நிறுத்தாமல் அதைப் பார்த்துக்கொண்டே கடந்து போனான். கிறிஸ்துமஸுக்குச் சந்தித்தார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், சிரித்தார்கள். அதைப் பற்றி இவனும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. சனிக்கிழமைகளில் ஜேசன் தனியாகப் போய்வரப் பழகிக்கொண்டான்.

இப்போது அந்தப் போர்டுக்குக் கீழேதான் செருப்புகள் குவிந்து கிடந்தன.

உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் எபி வெள்ளைச் சட்டையில் படுத்திருந்தான். தலைமாட்டில் அவன் அம்மா மெட்டில்டா, பக்கத்தில் மனைவி ஈவ்லின். பிள்ளைகள் இல்லாத வீடு. முன்னறைச் சுவரிலிருந்த கரும்பலகையில் நேற்று அவன் பாதி போட்ட கணக்கை யாரும் அழிக்கவில்லை. பெண்கள் பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மெல்லப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

ஜேசன் டெபோராவை வாசலுக்குக் கூப்பிட்டு, தங்கள் வீடு வரைக்கும் போய்விட்டு வருவதாகச் சொன்னான். ஃப்ளெக்ஸை அவளும் பார்த்திருந்தாள். அழுது வீங்கிய கண்ணால் அவனைப் பார்த்தாள்.

“இப்ப அதுவா முக்கியம்? சவப்பெட்டி வந்துரும். அண்ணாவத் தூக்கி வைக்க நீங்க வேணாமா?”

“போன வேகத்துல வந்துடறேன்.”

அவள் உள்ளே போய்விட்டாள்.

குரோம்பேட்டை சிக்னலில் நிற்கும்போதும், சானடோரியத்தைத் தாண்டும்போதும் அந்த எழுத்துகளே கண்ணுக்கு முன்னால் வந்தன. தெருவில் போகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் படிப்பார்கள். சர்ச்சிலிருந்து வருகிறவர்கள் படிப்பார்கள். செத்துப்போனவன் மேல் சாம்பிள் என்று எழுதி, பக்கத்தில் தன் பெயரையும் போட்டிருக்கிறது.

கிழக்குத் தாம்பரம் வீட்டில் கம்ப்யூட்டரைப் போட்டு, கோவளம் படங்களைத் திறந்தான். எழுத்தில்லாத எபி திரை முழுக்க வந்தான். பின்னால் மங்கலாகப் படகுகள், மீன் ஏலத்துக் கூட்டம், காலை வெயில். நல்ல வெளிச்சத்தில் அமைந்த படம் என்று ஜேசன் பல பேரிடம் பெருமையாகக் காட்டியிருக்கிறான். எபி எதைப் பார்த்துச் சிரிக்கிறான் என்று மட்டும் இதுவரை யோசித்ததில்லை. அதற்கு முந்தைய படத்தைத் தட்டினான். கடல் பாதியும் வானம் பாதியுமாகச் சாய்ந்து, ஆடிப்போன படம். அப்போதுதான் ஞாபகம் வந்தது. அலை வந்து முழங்கால் வரை நனைத்ததில் ஜேசன் கேமராவைத் தூக்கிக்கொண்டு தடுமாறினான். எபி ஓடிவந்து அவன் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, விலகி நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் எடுத்திருக்கிறான்.

பிறகு படத்தைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

எழில் சொன்ன பிரிண்டிங் கடை குரோம்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்தது. அதே வாசகங்கள், படத்தை மட்டும் மாற்ற வேண்டும் என்றான். கடைக்காரர் பழைய ஃபைலைத் திறந்து புதுப் படத்தை வைத்துவிட்டு, “போட்டோ எடுத்தவர் பேரு கீழ சின்னதாப் போடணுமா சார்?” என்று கேட்டார்.

“வேணாங்க.”

மெஷின் இடதும் வலதுமாக ஓடி ஓடி, நெற்றியில் ஆரம்பித்து எபியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளியது. புருவம் வந்தது. கண் வந்தது. சிரிப்பு வருவதற்கு நெடுநேரம் ஆவது போலிருந்தது. பையில் போன் அதிர்ந்தது, டெபோரா. எடுத்து, இதோ வந்துவிடுகிறேன் என்று சொல்வதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

சுருட்டிய ஃப்ளெக்ஸை முன்னால் நிறுத்திக்கொண்டு அவன் திரும்பி வந்தபோது, தெருமுனையில் எழில் மட்டும் நின்றிருந்தாள். ஏணியைத் திருப்பிக் கொண்டுபோயிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி, பழையதைக் கழற்ற நேரமில்லாமல் அதன் மேலேயே புதியதைக் கட்டினான். கீழ் ஓரத்தை எழில் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். “இப்ப நல்லா இருக்கு சார்” என்றாள். அவன் தலையாட்டினான்.

வீட்டுக்குள் போனபோது கண்ணாடிப் பெட்டி காலியாகி ஓரத்தில் நின்றது. எபியைச் சவப்பெட்டிக்குள் வைத்துவிட்டிருந்தார்கள். தலைப்பக்கம் யார் பிடித்தது, கால்பக்கம் யார் பிடித்தது என்று ஜேசன் யாரையும் கேட்கவில்லை. டெபோரா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இவன் வந்ததைப் பார்த்தாள், பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

போதகர் இன்னும் வரவில்லை. ஈவ்லினுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் கிடைத்தது, தரையில் உட்கார்ந்தான். ஃப்ளெக்ஸை மாற்றிவிட்டேன் என்று சொன்னான். அவள் எதை என்பது போலப் பார்த்தாள். அவள் வாசலைத் தாண்டவே இல்லை, எதையும் பார்த்திருக்கவில்லை.

“என் பேரு மேல எழுதியிருந்த போட்டோ. போர்டுக்குக் கேட்டான்ல. அத நான் அப்பவே சும்மா குடுத்திருக்கணும், ஈவ்லின்.”

அவள் எபியின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

“அதுவா? நான்கூட இவருகிட்ட சொன்னேன் அண்ணா. அவரு கஷ்டப்பட்டு எடுக்கறாரு, காசு குடுத்தே வாங்கிக்கங்கன்னு. இவருதான் கேக்கல. காசு குடுத்து வாங்கிட்டா, அப்புறம் அவன் வண்டியில நான் மச்சானா ஏறி உக்கார்றதா, கஸ்டமரா உக்கார்றதான்னாரு.”

சொல்லும்போது அவள் உதட்டில் லேசாகச் சிரிப்புகூட வந்தது, எபியின் பேச்சை அவன் மாதிரியே சொல்லிக் காட்டியதால் வந்த சிரிப்பு.

“அப்புறம் நீங்க கூப்பிடவே இல்லல்ல” என்றாள். குற்றம் சொல்கிற மாதிரி இல்லை, நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். “சனிக்கிழமையானா இவரு பாட்டுக்கு இருட்டுல எழுந்து, பேன்ட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாரு. எதுக்குங்கன்னா, பழகிடுச்சு, தூக்கம் வரலன்னுவாரு. வெளிச்சம் வந்ததும் லுங்கிக்கு மாறிடுவாரு.”

யாரோ ஒரு மாணவனின் தாய் வந்து ஈவ்லினைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஜேசன் எழுந்து நகர்ந்தான். முன்னறையில் நின்று, பாதிக் கணக்கைப் பார்த்தான். எபியின் எழுத்து எப்போதும் போல மேல்நோக்கி ஏறிக்கொண்டே போயிருந்தது. சமன் குறிக்குப் பிறகு ஒன்றுமில்லை.

போதகர் வந்தார், ஜெபம் நடந்தது. மூடுவதற்கு முன்னால் குடும்பத்தார் பெட்டியைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டும் என்று எபியின் பெரியப்பா சுவிசேஷமுத்து சொன்னார். ஊரிலிருந்து வர முடியாதவர்களுக்கு அனுப்ப வேண்டும். சொல்லிவிட்டு வழக்கம்போல இவன் பக்கம் திரும்பினார்.

“ஜேசன், நீயே எடுத்துருப்பா. உன்ன மாதிரி யாரு எடுப்பா?”

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த போனுக்குப் போனது.

“அவரும் நிக்கணும் பெரியப்பா” என்றாள் டெபோரா. காலையிலிருந்து அழுது அவள் குரல் கரகரத்திருந்தது. “வேற யாராவது எடுக்கட்டும்.”

எழில் முன்னால் வந்து போனை வாங்கிக்கொண்டாள். மெட்டில்டாவைத் தலைமாட்டில் உட்காரவைத்தார்கள். ஈவ்லினை இருபுறமும் பிடித்துக்கொண்டார்கள். ஜேசன் கால்மாட்டில், எல்லோருக்கும் கடைசியாகப் போய் நின்றான். இத்தனை வருஷத்தில் இப்படி நின்று அவனுக்குப் பழக்கமில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

எழில் போனை உயர்த்திப் பார்த்தாள். பிறகு தாழ்த்தினாள்.

“சார், நீங்க படத்துல விழல. இன்னும் கிட்ட வாங்க.”

அவன் ஓர் அடி எடுத்து வைத்தான்.

“இன்னும் கொஞ்சம் சார்.”

பெட்டியின் விளிம்பு தொடையில் இடிக்கும் வரைக்கும் போனான். உள்ளே விரித்திருந்த வெள்ளைத் துணியின் லேஸ் ஓரம் மடங்கியிருந்தது. அதை நீவிவிட்டு, கையை அங்கேயே வைத்துக்கொண்டான். வாசலுக்கு வெளியே வெயிலில், பெட்டியின் மூடியை இரண்டு பக்கமும் பிடித்தபடி இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள்.