எட்டால் பெருக்கிய மச்சினன்

எங்கள் ரத்த வங்கியின் நிர்வாகி எதையும் திறந்து வைப்பார். தண்ணீர்க் குழாய், மின்விசிறி, ஏற்கெனவே திறந்து கிடக்கும் கதவு. கத்திரிக்கோல் அவருடைய சட்டைப் பையிலேயே இருக்கும். அதனால் ரிப்பன் என்று பெயர் வைத்தோம். முகத்துக்கு நேரே, 'சார்'.

அன்று பதினொரு மணிக்கு அவர் திறக்கவிருந்தது புது டேட்டாபேஸ். பன்னிரண்டு மருத்துவமனைகளுக்கு ரத்தம் கொடுப்பவர்களின் பதிவேடு பத்தொன்பது வருடமாக ஒரு பழைய கணினியில் இருந்தது. அதைப் புதுக் கணினிக்கு மாற்றிக் கொடுத்தவன் ரிப்பனின் மச்சினன். மனைவியின் தம்பி என்பதைத் தவிர வேறு தகுதி எதையும் அவன் மறைத்து வைத்திருந்ததாகத் தெரியவில்லை.

பழையது 32, புதியது 64. இந்த எண்ணுக்கு வேர்டு சைஸ் என்று பெயர். டேட்டாபேஸ் ஒரு கவளத்தில் எவ்வளவு அள்ளும் என்பதுதான் விஷயம். இதுவரை ஊட்டியது ஒரே கை; இனி பன்னிரண்டு மருத்துவமனைகளும் நேரடியாக இணைந்து ஊட்டினால் சின்ன வாய் விக்கும். ரிப்பனைப் பொறுத்தவரை 64 என்பது 32-ஐ விடப் பெரியது. அதற்கு மேல் அவர் ஆராய்ச்சியில் இறங்கவில்லை.

பதிவேட்டைக் கவனிப்பவர் அக்கா. எங்களில் பாதிப் பேருக்கு வயதில் தங்கை, ஆனாலும் அக்காதான். கொடையாளர்களைப் போனில் கூப்பிட்டு வரவழைப்பது என் வேலை. அக்காவின் பட்டியலில் பெயர் இல்லையென்றால் எனக்குக் கூப்பிட ஆள் இல்லை, எங்கோ ஒரு கட்டிலில் படுத்திருப்பவருக்கு ரத்தம் இல்லை.

இரண்டு நாள் முன்பு, சோதனைக்காக நாலே நாலு மருத்துவமனைகளைப் புதியதோடு இணைத்தார்கள். மூச்சுத் திணறி விழுந்தது. எழுப்பி உட்கார வைத்தபோது பதினேழு பேரைக் காணோம். அதில் மூன்று பேர் வலைவீசித் தேடினாலும் கிடைக்காத வகை ரத்தக்காரர்கள். அக்கா பழைய கணினியிலிருந்து பதினேழு பேரையும் எடுத்துச் சேர்த்தார். அந்தப் பழைய கணினியைத்தான் அன்று பன்னிரண்டு மணிக்கு அழிப்பதாக ஏற்பாடு. அந்த அறையில் விருந்தினர் சோபா வரவேண்டுமாம். நகல் இருக்குமே என்று கேட்பீர்கள். இருந்தது. பத்திரமாக, அதே பழைய கணினிக்குள்.

அழிப்பதற்கு முன் 'வேர்டு சைஸ் சரிபார்க்கப்பட்டது' என்ற படிவத்தில் அக்கா கையெழுத்துப் போடவேண்டும்.

"போடும்மா," என்றார் ரிப்பன். "பெட்டி மேலயே 64னு ஒட்டியிருக்குல்ல?"

"அது பெட்டியைப் பத்தி சார். டேட்டாபேஸைத் தனியா கேட்கணும்."

"அதைப் போய்க் கேட்டா சொல்லிடுமா?"

"சொல்லும் சார். அது ஆபீஸ்ல வேலை பார்த்துப் பழகலை."

எனக்கு இருமல் வந்தது.

சோதனை எளிது. டேட்டாபேஸ் தன்னிடம் ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் நினைவகத்தில் ஒரு முகவரி வைத்திருக்கும். முகவரியில் எத்தனை எழுத்து என்று எண்ணி, எழுத்துக்கு நாலு பிட் என்ற கணக்கில், நாலால் பெருக்கவேண்டும். பதினாறு எழுத்து என்றால் 64, எட்டு என்றால் 32. அக்கா கட்டளையை அடித்தார். திரையில் வந்தது 32.

"என்ன மாப்பிள்ளை இது?" என்றார் ரிப்பன்.

"அத்தான்... சார், அது வந்து..."

"புதுப் பெட்டியில பழைய புரோகிராமையே தூக்கி வச்சிருக்கீங்க தம்பி," என்றார் அக்கா. "64க்கான புரோகிராமை ஏத்தவே இல்லை."

மச்சினன் கட்டளையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு நாலை அழித்துவிட்டு எட்டு என்று அடித்தான். திரையில் வந்தது 64.

ரிப்பன் கை தட்டினார். அவர் தட்டியதால் வாசலில் நின்ற காவலாளியும் தட்டினார்.

"தம்பி, நாலாலதானே பெருக்கணும்?"

"அது பழைய முறை மேடம். புது மெஷினுக்கு எட்டு."

"பாரும்மா, படிச்ச பையன் சொல்றான்," என்றார் ரிப்பன்.

அக்கா முறைப்பார், சண்டை போடுவார் என்று நாற்காலியை வசதியாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "சரிங்க தம்பி. இனிமே இங்க எல்லாத்துக்கும் எட்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. சார், நீங்களும்."

மச்சினன் போட்டான். கையெழுத்துப் போடுவதென்றால் ரிப்பனுக்குக் கசக்குமா? முத்திரையும் குத்தினார்.

"அப்போ அதே முறையில பக்கத்து லேப்லயும் பார்த்துடலாமா சார்?"

லேப் டாக்டரம்மாவுக்கும் ரிப்பனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. போன வருடம் ரிப்பனுக்குச் சொல்லாமலே 64 வாங்கி ஒழுங்காக நிறுவிக்கொண்ட குற்றம் அந்த அம்மாவுடையது. அக்கா எல்லோரையும் அழைத்துக்கொண்டு அங்கே போய்ப் புது முறைப்படி, எழுத்துப் பிசகாமல், கட்டளையை அடித்தார்.

128.

சாதாரண மனிதனுக்கு இந்த இடத்தில் சந்தேகம் வரும். ரிப்பனுக்குப் பொறாமை வந்தது.

"அந்தம்மாவுக்கு 128. எனக்கு 64. ஏன் மாப்பிள்ளை, நான் இளிச்சவாயனா?"

இந்தக் கேள்விக்கு அங்கே இருந்த எல்லோரிடமும் பதில் இருந்தது.

எட்டு பொய் என்று ஒத்துக்கொண்டால் மச்சினன் மாட்டுவான். ஒத்துக்கொள்ளாவிட்டால் 128 கொண்டுவர வேண்டும். அவன் உதடு வாய்ப்பாடு ஒப்பிக்கும் குழந்தையைப் போல அசைந்தது. "கொண்டு வந்துடலாம் அத்தான்," என்றான் கடைசியில்.

"அதுவரைக்கும் பழைய கணினி இருக்கட்டுமா சார்?" என்று அக்கா மிகுந்த பணிவோடு கேட்டார்.

"யாரும் அதைத் தொடக்கூடாது! 64ஐ வச்சுக்கிட்டு நான் விழா நடத்தினா அந்தம்மா ஜன்னல்ல நின்னு சிரிக்கும்."

தாழ்வாரத்தில் மச்சினன் அக்காவின் பின்னாலேயே வந்தான். "மேடம், அந்தப் பேப்பரை மட்டும் குடுத்துடுங்களேன்."

"எதுக்கு தம்பி? முறை நல்லாத்தானே இருக்கு. அதே முறையில 128 வரணும்னா என்ன செய்யணும்?"

அவன் சுவரைப் பார்த்தான். "நிஜமாவே 64 புரோகிராமை ஏத்தணும்."

"ஏத்திட்டு?"

"உள்ள இருக்கற பழைய குட்டிப் புரோகிராமையெல்லாம் 64க்குத் தகுந்த மாதிரி மறுபடி தயார் பண்ணணும்."

"தெரிஞ்சிருக்கே! அப்புறம் ஏன் தம்பி இத்தனை நாள் தெரியாத மாதிரியே வாழ்ந்தீங்க?"

நாலு நாள் உட்கார்ந்து செய்தான். அக்கா அவசரப்படவில்லை. பன்னிரண்டு மருத்துவமனைகளையும் ஒரு வாரம் முழுக்க இணைத்து வைத்தார். தினமும் வேலை முடியும் நேரத்தில் இரண்டு கணினிகளிலும் பெயர்களை ஒப்பிட்டார். ஒருவர்கூடக் குறையவில்லை. ஏழாம் நாள், யாரும் பார்க்காதபோது, நாலால் பெருக்கிப் பார்த்தார். 64. படிவத்தில் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டு, படிவத்துக்கு ஒரு நகலும் எடுத்துக்கொண்டார்.

விழாவில் ரிப்பன் எட்டால் பெருக்கவைத்து, 128 வந்ததும் லேப் ஜன்னலை நிமிர்ந்து பார்த்துவிட்டு நாடாவை வெட்டினார். படிவத்தைக் கொடுத்ததும் அவர் முகம் சுருங்கியது. 64-ஐக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் 128 என்று எழுதி, சுருக்கொப்பம் போட்டார். "கவனமா எழுதும்மா. இதெல்லாம் டெக்னிக்கல் விஷயம்."

"மன்னிச்சுக்குங்க சார்," என்றார் அக்கா. 64 என்றிருந்த நகலை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, பழைய கணினியை அழிக்கப் போனார்.