வால் முளைத்த பந்து

என் அப்பா என் வீட்டுக்காரரிடம் நேராகப் பேசி நாலு வருஷம் ஆகிறது. இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தாலும், "உன் வீட்டுக்காரர்கிட்ட அந்தத் தண்ணி பாட்டிலை எடுக்கச் சொல்லு" என்று சமையலறையில் இருக்கும் என்னைத்தான் கூப்பிடுவார். நான் அங்கிருந்தே கத்துவேன். அவர் எடுத்துக் கொடுப்பார். அப்பா வாங்கிக் குடித்துவிட்டு, "போதும்னு சொல்லு" என்பார்.

இதற்குச் சொத்துத் தகராறு காரணமில்லை, ஜாதகம் காரணமில்லை. ஒரு டிவிதான் காரணம்.

அப்பா கால்பந்து நடுவராக இருந்தவர். "விசில்" என்று கேட்டால்தான் அவர் தெருவில் வீட்டைக் காட்டுவார்கள். ஊதியது ஊதியதுதான், மாற்றமாட்டார். ஒருமுறை அவர் தீர்ப்பு பிடிக்காமல் கூட்டம் செருப்பை எறிந்திருக்கிறது. அப்போதும் மாற்றவில்லையாம், ஜோடி சேருகிறதா என்று மட்டும் பார்த்தாராம்.

என் வீட்டுக்காரர் டிவி கடையில் விற்பனையாளர். சுவரை மறைக்கிற அளவு பெரிய டிவிகள் இருக்கும் பகுதி அவருடையது. நான் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். பகல் முழுக்க "வாயை நல்லாத் திறங்க" என்று கேட்கும் இடம் அது. வீட்டுக்கு வந்தால் "கொஞ்சம் வாயை மூடுங்க" என்று நான் சொல்ல வேண்டியிருக்கும்.

கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று நான் சொன்னபோது, அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பையன் எப்பேர்ப்பட்டவன் என்று வேவு பார்க்க, வாடிக்கையாளர் மாதிரி கடைக்குப் போனார். திரும்பி வரும்போது ஒரு டிவி வாங்கிவிட்டு வந்தார்.

"ஆள் எப்படிப்பா?" என்றேன்.

"பந்து நம்ம மடியிலயே வந்து விழுற மாதிரி தெரியுமாம்" என்றார் அப்பா. கொஞ்சம் கிறங்கிப் போயிருந்தார்.

மறுநாள் அந்த டிவியை மாட்ட இவரே வந்தார். கடையில் அதற்கென்று தனி ஆட்கள் உண்டு. முகவரியைப் பார்த்துவிட்டு, பெண் வீட்டைப் பார்க்கிற ஆசையில், ஸ்குரூடிரைவரும் கையுமாக வந்து நின்றார். கல்யாணம் கூடிவந்தது. நான் இந்த வீட்டுக்கு வந்தேன். அம்மா எப்போதோ போய்விட்டதால் அந்த வீட்டில் அப்பாவும் டிவியும் மட்டும்தான். முதல் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அப்பா எனக்குப் போன் செய்தார்.

"பந்துக்கு வால் முளைச்சிருக்கு."

"என்னப்பா சொல்றீங்க?"

"பந்து ஓடினா பின்னாடியே வாலும் ஓடுது. எந்த ஊருப் பந்துக்கும்மா வால் இருக்கு? வாய்க்கு வந்ததைச் சொல்லி வித்திருக்கார் உன் வீட்டுக்காரர்."

மாற்றித் தருகிறோம் என்றோம். "வாங்கினது நான். ஊதியாச்சு" என்றுவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. நாங்கள் அங்கே போனால், கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே டிவியை அணைத்து அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டுவிடுவார். ஏமாந்ததை யாருக்கும் காட்டக்கூடாதாம்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் வீட்டுத் தவளை அந்த வாயால்தான் சம்பாதிக்கிறது, அதனால் நானும் ரொம்பத் திட்ட முடியாது. ஆனால் அவருக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. முன்பின் தெரியாதவர்களெல்லாம் இவர் பேச்சை நம்பி டிவி வாங்கிப் போகிறார்கள், சொந்த மாமனார் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்கிறார். "ஒரே ஒரு தடவை 'மாப்பிள்ளை'னு கூப்பிட்டா போதும், வேற ஒண்ணும் வேணாம்" என்று ஒருநாள் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்ததும், ஏன் சிரித்தோம் என்று ஆகிவிட்டது.

இந்த வருஷம் கால்பந்து இறுதி ஆட்டம் வருவதற்கு முந்தின வாரம் ஒரு முடிவோடு வந்தார். கடையிலேயே பெரிய டிவி எங்கள் வீட்டுக்கு வருகிறது. வாலில்லாத பந்தை மாமாவுக்குக் காட்டியே தீருவது. நான் அப்பாவைக் கூப்பிட்டேன். "வால் இருக்கா இல்லையானு பாக்கத்தான் வரேன், வேற எதுக்கும் இல்லைனு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு" என்றார்.

டிவி வந்தது. லிஃப்ட்டுக்குள் நுழையாமல், படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கதவை ஒருமுறை இடித்து, ஒரு வழியாக ஹாலுக்குள் நுழைந்தது. சுவரில் ஏற்றியதும் கடிகாரம் கழன்றது, எங்கள் கல்யாணப் படம் குளியலறைப் பக்கம் போனது, ஸ்விட்ச் போர்டு டிவிக்குப் பின்னால் போய்விட்டது. இனி ஃபேன் போட வேண்டுமென்றால் டிவிக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டுத் துழாவ வேண்டும். சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் செய்தி வாசிக்கிறவரின் ஒரு காது மட்டும் தெரிந்தது. இன்னொரு காதுக்குத் தலையைத் திருப்ப வேண்டும்.

முதல் தடவை போட்டதும் டிவி ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டது. அவர் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டே ரிமோட்டை அமுக்கிக்கொண்டிருந்தார். கட்டைவிரல் தன் பாட்டுக்குப் போனது. என்ன மொழி? சரி. மணி என்ன? சரி. டிவி இருக்கப்போவது வீடா, கடையா? சரி. வைஃபை? சரி. கடையில் இப்படி எத்தனை டிவிகளைத் திறந்த விரல் அது! நானும் அதை ரசித்துக்கொண்டுதான் நின்றேன்.

அப்புறம் படம் வந்தது. அடேயப்பா, என்ன நிறம்! புல் பச்சை அல்ல, பச்சைக்கு அப்பன். மனிதர்கள் எல்லாரும் வெயிலில் சுட்டு எடுத்தது போலச் சிவந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் திரையின் அடியிலிருந்து ஒரு பட்டை எழும்பி, பாதிப் படத்தை மறைத்துக்கொண்டு நின்றது. "கறுப்பு என்றால் கறுப்பு! எந்த மூலையில் உட்கார்ந்தாலும் ஒரே நிறம்!" என்று அதில் எழுதியிருந்தது. அதைவிட விசேஷம், என் வீட்டுக்காரரும் அதே நேரத்தில் எழுந்து நின்று பேச ஆரம்பித்தார்.

"பாத்தீங்கன்னா மேடம், ராத்திரி காட்சியில கறுப்பு கறுப்பாவே இருக்கும், சாம்பல் ஆகாது. நீங்க சோபா ஓரத்துல உக்காந்தாலும் சரி, தரையில படுத்துப் பாத்தாலும் சரி..."

"யாருங்க மேடம்?" என்றேன்.

திடுக்கிட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பட்டை என்ன?"

"எந்தப் பட்டை?"

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அவருக்கு நிஜமாகவே அது தெரியவில்லை. வருஷக்கணக்காக அந்தப் பட்டைகளுக்கு நடுவில் நின்று வேலை பார்க்கிறவர். டிவி என்றாலே அப்படித்தான் இருக்கும் அவருக்கு. அவர் கண்ணுக்குத் தெரியாதது வாய்க்கு மட்டும் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை பட்டை எழும்பும், இவரும் எழும்புவார். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டு டிவியை எனக்கே விற்றுக்கொண்டிருந்தார். புதுசு, போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த மடத்தனம்.

இறுதி ஆட்டத்தன்று சாயங்காலம் அப்பா வந்தார். சாவிக்கொத்தில் பழைய விசில் தொங்கியது. சோபாவில் உட்கார்ந்தார், நிமிர்ந்து பார்த்தார், எழுந்துவிட்டார். "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, இவ்வளவு கிட்டத்துல நான் மைதானத்துல கூட நின்னதில்ல." நாற்காலியை எடுத்துப் பின்னால் போனார். இன்னும் பின்னால் போனார். கடைசியில் சமையலறை வாசலில், கேஸ் சிலிண்டரில் முதுகு படும்படி உட்கார்ந்தார். "இங்க இருந்து ரெண்டு கோலும் தெரியுது" என்றார். நான் டீ போட வேண்டுமென்றால் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஆட்டம் தொடங்கியது. சிவப்புச் சட்டைக்காரர்களும் நீலச் சட்டைக்காரர்களும் அந்தப் பிசாசுப் பச்சைப் புல்மேல் ஓடினார்கள். பந்து ஓடியது. பந்துக்குப் பின்னால், ஐயோ, வாலும் ஓடியது. மெல்லிசாக, வெள்ளையாக, பந்தை விட்டுப் பிரிய மனசில்லாமல்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் டீ டம்ளரைப் பார்த்தேன்.

பட்டை எழும்பியது. அதைப் பார்த்து அப்பா ஆச்சரியப்படவில்லை. தெரிந்த ஆள் எதிரே வந்ததுபோல் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். ஆனால் பட்டையோடு சேர்ந்து என் வீட்டுக்காரரும் எழுந்து, "சார், வேகமான காட்சியைக் கவனிங்க, பந்து அப்படியே நம்ம மடியில..." என்று ஆரம்பித்ததும் அப்பாவின் மீசை துடித்தது.

"இதே பாட்டைக் கேட்டு நான் ஏற்கெனவே ஒரு டிவி வாங்கியாச்சுனு சொல்லு."

என் வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போனது. ரிமோட்டை எடுத்து நிறத்தைக் குறைத்தார். சரியானது போல் இருந்தது. அடுத்த பட்டை வந்து போனதும் பச்சை பழையபடி திரும்பி வந்து உட்கார்ந்தது. மறுபடி குறைத்தார். மறுபடி வந்தது. இடைவேளைக்குள் அவர் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. எனக்கு டிவியைத் தூக்கி மாடியிலிருந்து போடலாம் என்று ஆத்திரம் வந்தது. தூக்க நாலு பேர் வேண்டுமே என்பதால் சும்மா இருந்தேன்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் கூட்டத்துக்குள் புகுந்து, விழுந்துகொண்டே பந்தை உதைத்தான். கோல்காவலர் பாய்ந்தார். விரல் பட்ட பந்து மெதுவாக உருண்டு, கோல் கோட்டை நோக்கி, கோட்டுக்குப் பக்கத்தில், கோட்டின் மேலேயே...

பட்டை எழும்பியது. "இல்லமே இனி திரையரங்கம்!"

பந்து பட்டைக்குப் பின்னால் போய்விட்டது. அரங்கத்தில் பாதிப் பேர் குதிக்கிறார்கள், பாதிப் பேர் தலையில் கை வைக்கிறார்கள். என்ன ஆனது என்று எங்களுக்கு மட்டும் தெரியாது. பட்டைக்கு இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் எழுந்து நின்று, "சத்தம் பாருங்க சார், தலைக்கு மேல இருந்து வர்ற மாதிரியே..." என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

விசில் சத்தம் கேட்டது. டிவியில் இல்லை. சமையலறை வாசலில்.

அப்பா எழுந்து நின்றிருந்தார். விரலை நீட்டினார். என்னை நோக்கி அல்ல, அவரை நோக்கி. நாலு வருஷத்தில் முதல் தடவையாக, நேராக அவர் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"ஏன்யா, இது வீடா, கடையா?"

என் வீட்டுக்காரர் அப்படியே நின்றார். மெதுவாகத் தன் கட்டைவிரலைப் பார்த்தார். அப்புறம் திரையின் அடியைப் பார்த்தார். முதல்முறையாகப் பட்டை அவர் கண்ணில் பட்டது.

"கடைனு அமுக்கிட்டேன், மாமா" என்றார், அழுகிற குரலில். "கைப்பழக்கம். கடையில ஆளுங்களை இழுக்கறதுக்காக இப்படிப் பளபளன்னு காட்டுவோம். நிறத்தையும் வேகத்தையும் ஏத்தி வச்சிருக்கும், அதான் வால். வீடுனு அமுக்கியிருக்கணும்."

"அப்ப அமுக்கு. ஆட்டம் போகுது!"

நல்லவேளை, அங்கே ஆட்டம் நின்றிருந்தது. கோலா இல்லையா என்று தெரியாமல், மைதானத்து நடுவரும் ஓரமாக வைத்திருந்த ஒரு சின்ன டிவி முன்னால் போய் நின்றுகொண்டிருந்தார். "இந்தக் காலத்துல அவனுக்கும் பெட்டி வேண்டியிருக்கு" என்று அப்பா முணுமுணுத்தார். அதற்குள் இவர் 'வீடு' என்று அமுக்க, எங்கள் டிவி அணைந்து, ஒரு பயமுறுத்தலுக்குப் பின் திரும்ப உயிர் பெற்றது.

அதே உதையைத் திருப்பிக் காட்டினார்கள். பந்து வந்தது. உருண்டையாக, வெள்ளையாக, தையல் தெரிகிற பந்து. வால் இல்லை. உருண்டு வந்து கோட்டின்மேல் நின்றது, ஒரு ஓரம் இன்னும் கோட்டைத் தாண்டாமல் இருந்தது. கோல்காவலரின் கை அதை வாரி எடுத்தது.

"முழுசாத் தாண்டல" என்று அப்பா விசிலை ஊதினார். அதற்கப்புறம்தான் அங்கே நடுவர் கையை அசைத்துக் கோல் இல்லை என்றார்.

அப்பா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து சோபாவுக்குப் பக்கத்தில் போட்டார். என் வீட்டுக்காரர் மட்டும் திரையைக் கவலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மங்கலா ஆயிடுச்சே மாமா. பச்சையே போயிடுச்சு."

"புல்லு இந்த நிறம்தான் மாப்பிள்ளை. நான் அதுமேல ஓடினவன்."

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷனோ கவனிக்கவே இல்லை, புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முழங்கையால் இடித்தேன். "என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. அதற்கப்புறம் யார் ஜெயித்தார்கள் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

ஆட்டம் முடிந்து கிளம்பும்போது அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். ஊதிய விசிலைத் திரும்ப வாங்குவது எப்படி என்று தெரியாமல் நிற்கிறார் என்று எனக்குப் பட்டது.

"நாளைக்கு வீட்டுக்கு வரணும்" என்றார்.

நான் பழக்க தோஷத்தில் உள்ளே திரும்பி, "என்னங்க, அப்பா உங்களை வீட்டுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இரு. நான் மாப்பிள்ளைகிட்ட பேசிட்டிருக்கேன்." அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "அங்கயும் நாலு வருஷமா ஒரு கடை நடந்துட்டிருக்கு. வந்து மூடிட்டுப் போங்க."