சிட்டுவின் குளம்பு வெடித்த நாள்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு எதிரில் ஜட்கா வண்டிகள் நின்ற காலம். வண்டிக்காரன் ராஜாங்கம் மஞ்சள் காமாலையில் படுத்ததும் அவன் பெண்சாதி கொளஞ்சியம்மாள் தானே லகானைப் பிடித்தாள். ஊரே வாயைப் பிளந்து பார்த்தது. அவள் கண்டுகொள்ளவில்லை.

குதிரைக்குப் பேர் சிட்டு. அதன் முன்னங்குளம்பில் மயிரிழை மாதிரி ஒரு கோடு விழுந்திருந்தது. காய்ந்துபோய்த்தான் வெடிக்கிறது என்று நினைத்துக் கொளஞ்சி காலையும் மாலையும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். கொட்டகைத் தரை சேறாகவே கிடந்தது. பகலெல்லாம் அதே காலோடு தார் ரோட்டில் ஓட்டம்.

அன்றைக்குச் சங்கராபுரம் சவாரி. வண்டியில் கமலா டீச்சர் மட்டும்தான். ஊரை நெருங்கும்போது டப்பென்று ஒரு சத்தம். சிட்டு காலைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டது.

கொளஞ்சி குதித்து இறங்கிக் குனிந்தாள். கோடு திறந்து கிடந்தது. உள்ளே செக்கச்செவேலென்று சதை. ரத்தம் ரோட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

குளம்பென்றால் கொம்பு மாதிரி, உயிரில்லாதது என்றுதான் அவள் அத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"அய்யய்யோ! இன்னா கொளஞ்சி, ரத்தம் ஊத்துது!" டீச்சர் தன் பையிலிருந்து ஒரு துண்டை உருவிக் கொடுத்தாள். கொளஞ்சி காலைச் சுற்றிக் கட்டினாள். வண்டியை அங்கேயே அவிழ்த்துப் போட்டுவிட்டுக் குதிரையை மெல்ல நடத்திக்கொண்டு இருவரும் மாட்டாஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்தார். "லாடம் கழட்டி, குளம்பைச் சீவி எவ்ளோ நாளாச்சும்மா?"

"அவரு படுத்ததுலருந்து சீவல சார்."

"நீண்டுபோச்சு. மிதிக்கிறப்பல்லாம் பிளவு அகலும். வேற இன்னா பண்ணீங்க?"

"தண்ணி ஊத்தினேன் சார். ரெண்டு வேளையும்."

டாக்டர் நிமிர்ந்தார். "ஊறினா உப்பும், வெயில்ல சுருங்கும். தினம் அதே வேலையா நடந்துகினு இருந்தா, பிளக்காம இன்னா செய்யும்?"

கொளஞ்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான்தானா? என் கையாலதானா?

மருந்து ஊற்றிக் கழுவிக் கட்டுப் போட்டார்கள். புண் ஆறியதும் டாக்டர் அரத்தை எடுத்துப் பிளவின் மேல் முனையில் குறுக்கே ஒரு பள்ளம் அறுத்தார். கொளஞ்சி வீறிட்டாள்; குளம்பின் மேலோட்டில் வலி தெரியாது, சிட்டு அசையவே இல்லை. பிளவு மேலே ஏறாமல் இருக்கத்தான் அது என்று சொன்னார். குளம்பைச் சீவி, பிளந்த பக்கம் பாரம் விழாதபடி புது லாடம் அடிக்கச் செய்தார். கொட்டகை காய்ந்திருக்க வேண்டும், மாதந்தவறாமல் சீவ வேண்டும், புதுக் குளம்பு மேலிருந்து வளர்ந்து இறங்கும்வரை வண்டியில் பூட்டக் கூடாது என்றார்.

அந்த வருஷம் முழுக்க அவள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனாள். ராஜாங்கம் எழுந்து உட்கார்ந்ததும், "வித்துடலாம்டி" என்றான். "என்னைய வித்துட்டு அதை வித்துக்கோ" என்றாள்.

பிளவு கொஞ்சங்கொஞ்சமாகக் கீழிறங்கி, கடைசித் துண்டும் சீவலோடு போனது. வண்டி பூட்டிய முதல் நாள் கொளஞ்சி ஏறி உட்காரவில்லை. சிட்டுவின் காலையே பார்த்தபடி, லகானைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை கூடவே நடந்தாள்.