வெர்னெல்லின் இடது கை

பெர்ரிமன்ஸ் லவுஞ்ச் என்ற அந்த ஜாஸ் பார் சரித்திரப் புகழ் வாய்ந்த இடம் என்பதை அமெரிக்காவின் நியூவர்க் நகராட்சி கண்டுபிடிக்க அறுபத்திரண்டு வருஷம் பிடித்தது. கண்டுபிடித்த சூட்டோடு ஒரு வெண்கலத் தகடு அடித்து, செப்டம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசலில் திருகி வைத்தார்கள். தகட்டில் வருஷம் தப்பு. கவுன்சிலர் அதைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உள்ளே வந்து, "இந்த மேடையில் வியர்வை சிந்தாத மேதை கிடையாது!" என்று முழங்கினார். இரண்டு கோடையாக ஏ.சி. ஓடவில்லை. இங்கே வியர்வை சிந்த மேதையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்று டிரம்ஸ்காரன் லூஷியஸ் டேட் நினைத்துக்கொண்டான்.

நினைத்தானே தவிர சிரிப்பு வரவில்லை. அவன் கண் வெர்னெல் மேலேயே இருந்தது.

வெர்னெல் கேஸ்கின்ஸ் ஆர்கனை எழுப்பிக்கொண்டிருந்தாள். அந்தப் பழைய மின்சார ஆர்கன் ஒரு தட்டில் எழுந்துவிடாது. அதற்கு இரண்டு சுவிட்ச். முதலாவதை எட்டு எண்ணும்வரை பிடித்திருக்க வேண்டும். உள்ளே சக்கரங்கள் முனகிச் சுற்றி வேகம் எடுத்த பிறகு, பிடித்ததை விடாமல் இரண்டாவதைத் தட்ட வேண்டும். முப்பத்தோரு வருஷமாக வெர்னெல் இதை இரண்டு கையால் செய்து லூஷியஸ் பார்த்திருக்கிறான். இன்றைக்கு வலது கையின் கட்டைவிரலாலும் நடுவிரலாலுமே இரண்டையும் முடித்துவிட்டாள். இடது கை மடியில் கிடந்தது.

"கை என்ன?" என்றான், சும்மா கேட்பது போல.

"ராத்திரி அது மேலேயே படுத்துத் தொலச்சிட்டேன். மரத்துப்போச்சு. வாசிக்க ஆரம்பிச்சா சரியாயிடும். தெனம் ஆகுதுல்ல?"

தினம் சரியாகவில்லை என்பது லூஷியஸுக்குத் தெரியும். தெரிந்தும் ஐந்து மாதமாக வாயைத் திறக்கவில்லை.

அவர்கள் மூன்று பேர். வெர்னெல் ஆர்கன், லூஷியஸ் டிரம்ஸ், பிங்க்னி என்ற கிடார்க்காரர். பிங்க்னி வாரத்துக்கு நாலு வார்த்தை பேசுவார், அதில் இரண்டு சாப்பாட்டைப் பற்றியது. இந்த மாதிரிக் கூட்டணியில் பாட்டின் அடித்தளமான பேஸைத் தனியாக வாசிக்க ஆள் கிடையாது. அந்த வேலை முழுக்க ஆர்கன்காரரின் இடது கைக்கு. கீழ்ச்சுரங்களில் அது அடிக்கு ஓர் அடியாக நடந்துகொண்டே இருக்கும். இடது கால் கீழே மிதிக்கிற மரக்கட்டைகளைத் தொட்டு அதற்கு ஓர் அழுத்தம் கொடுக்கும். மேலே வலது கை என்ன வித்தை காட்டினாலும் வீட்டைத் தாங்குவது இடது பக்கம்தான்.

ஏப்ரலில், ஈஸ்டர் வாரத்தில்தான் அந்த நடையில் முதல் ஓட்டை விழுந்தது. ஒரே ஒரு சுரம், வர வேண்டிய இடத்தில் வரவில்லை. லூஷியஸின் கால் தானாகவே பெரிய டிரம்மின் மிதியை மெதுவாக அழுத்தி அந்த இடத்தில் ஒரு "தும்" வைத்தது. அடுத்த வாரம் மூன்று ஓட்டை, மூன்று "தும்". ஜூன் வந்தபோது சத்தத்தை அடக்க டிரம்முக்குள் போட்டிருந்த தலையணையை உருவி எறிந்து, தோலைத் தளர்த்தி, சத்தத்தை ஆழமாக்கி வைத்திருந்தான். பிங்க்னியும் தடித்த கம்பியில் கட்டைவிரலை வைத்து அங்கங்கே ஒட்டுப்போட ஆரம்பித்திருந்தார். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. வெர்னெல்லின் காதுக்கு நடை நிற்காமல் வந்துகொண்டிருந்தது. வருகிறதே, அப்புறம் கைக்கு என்ன?

அன்றைக்கு இடைவேளை வரைக்குமான முதல் செட் அமோகமாகப் போயிற்று. கூட்டம் பார் மேஜையைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. மேடை பாருக்குப் பின்னால், பாட்டில்களுக்கு நடுவில். எட்டிக் கையை நீட்டினால் வெர்னெல்லின் தோளைத் தொடலாம். வழக்கமான இடத்தில் வழக்கமான தொப்பியோடு மதர் பூலா. பெத்தேல் சர்ச்சின் மூத்த தாய், தொண்ணூறை நெருங்குகிறவள். ஆராதனை முடிந்து நேரே இங்கே வந்துவிடுவாள். கையிலிருப்பது வெறும் இஞ்சி சோடா என்று யாரும் கேட்காமலே சத்தியம் செய்வாள்.

"குடு கண்ணு, குடு! வீட்டுக்கு ஒண்ணும் கொண்டுபோவாத!" என்று அவள் கத்த, "மதர், சோடா கொஞ்சம் காட்டமா இருக்கோ?" என்று யாரோ கேட்க, பார் முழுக்கச் சிரித்தது.

பெர்ரிமன்ஸில் கத்துவதற்கு ஒரு முறை உண்டு. "குடு" என்றால் வாசிப்பவர் உச்சத்தில் இருக்கிறார். "அடிப்பாவி" என்றால் அதற்கும் மேலே. "அவசரமில்ல, நிதானமா" என்று ஒன்று இருக்கிறது. அது சர்ச்சிலிருந்து வந்தது. சாவு வீட்டுப் பாட்டில் பாடுகிறவருக்குத் தொண்டை அடைத்து நின்றுவிட்டால், பெஞ்சுகளிலிருந்து அப்படிச் சொல்லித் தாங்கிப் பிடிப்பார்கள். வெர்னெல்லைப் பார்த்து அதை யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வந்ததில்லை.

இடைவேளை விட்டதும் லூஷியஸ் குச்சிகளைக் கீழே வைத்தான். வைத்த கையோடு முழங்கையை யாரோ பிடித்தார்கள்.

டாக்டர் ஆல்டன் ஃபிப்ஸ். பேராசிரியர். இசையில் மௌனத்தைப் பற்றி நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியவர். நகராட்சிக்காக இன்றைய நிகழ்ச்சியைப் பதிவு செய்து ஆவணமாக்கும் பொறுப்பும் அவருடையதுதான்.

"மிஸ்டர் டேட், நீங்க உங்களுக்கே தெரியாம என்ன செய்றீங்கன்னு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க" என்றான் லூஷியஸ். வேறு என்ன சொல்ல?

"மிஸ் கேஸ்கின்ஸோட இடது கைய கவனிச்சேன். என்ன துணிச்சல்! முழுசா நடக்க மாட்டேங்குது. நடுவுல நடுவுல விட்டுட்டு, இல்லாமையையே ஒரு குரலா..."

இந்த மனிதர் கேட்டுவிட்டார். நல்ல காது. மூளைதான் நடுவில் புகுந்து கெடுத்துவிட்டது. லூஷியஸ் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தபோது, அவர் தோளுக்கு மேலாக அந்தக் காட்சி கண்ணில் பட்டது.

மூலை மேஜையில் மரிசோல் என்ற ஒலிப்பதிவுக்காரப் பெண் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வெர்னெல்.

"மிஸ் வெர்னெல், ஆர்கன மட்டும் தனியாக் கேக்குறீங்களா? ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்துலயே நாலு மைக் வச்சேன். தேன் மாதிரி வந்திருக்கு!"

தனியாக. ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பிடித்திருக்கிறார்கள். டிரம்மின் ஒட்டு இல்லாமல், கிடாரின் ஒட்டு இல்லாமல்.

"வெர்னெல்!" என்று கத்தினான். "மீன் ஆறுது! எர்னஸ்டீன் தட்டுல வச்சிட்டாங்க!"

சமையலறைச் சன்னலிலிருந்து கடைக்காரி எர்னஸ்டீன் தலையை நீட்டினாள். "யாருய்யா வச்சது? இன்னும் எண்ணெயே காயல!"

வெர்னெல் அவனுக்குக் கையை ஆட்டிவிட்டு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

"இப்ப உங்க கால எடுத்துக்கங்க" என்றார் டாக்டர் ஃபிப்ஸ், முழங்கையை விடாமல். "அவங்க உண்டாக்கற வெற்றிடத்தோட உங்க கால் ஒரு உரையாடல் நடத்துது."

"டாக்டர், ஒரு நிமிஷம், நான் அங்க..."

"அத நான் நாலாவது அத்தியாயத்துல..."

வெர்னெல் கேட்டுக்கொண்டிருந்தாள். பழக்கதோஷம், இடது கை மேஜை விளிம்பில் கூடவே வாசித்தது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் தட்டின. மோதிர விரலும் சுண்டுவிரலும் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வந்தவை போல ஓரமாக உட்கார்ந்திருந்தன. அவள் முகத்தில் முதலில் ஒரு சிரிப்பு இருந்தது. அது எப்போது போனது என்று லூஷியஸால் சொல்ல முடியவில்லை. மரிசோலிடம் ஏதோ சொன்னாள், மரிசோல் பின்னால் ஓட்டினாள். மறுபடியும் அதே இடம். மூன்றாம் தடவையும். அப்புறம் வெர்னெல் சத்தமாகவே சொன்னது இங்கேவரை கேட்டது.

"இப்ப டிரம்ஸ மட்டும் போடு கண்ணு."

டாக்டர் ஃபிப்ஸ் ஐந்தாவது அத்தியாயத்துக்கு வந்திருந்தார்.

அவள் எழுந்து வந்தாள். இடது காலணி தரையில் லேசாக இழுபட்டது. அதையும்தான் லூஷியஸ் பார்த்திருக்கிறான், ஜூலையிலிருந்து. பேராசிரியர் இரண்டு கைகளையும் விரித்தார்.

"மிஸ் கேஸ்கின்ஸ்! அந்த இடைவெளிகள்!"

"எத்தன எண்ணினீங்க டாக்டர்?"

"முதல் செட்டுல நாப்பதாச்சும் இருக்கும்."

"நான் வேணும்னு விட்டது மூணு."

"மீதி உங்க உள்ளுணர்வு..."

"மீதி என் மோதிர விரலு" என்றாள் வெர்னெல். "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? என் டிரம்ஸ்காரனோட பேசணும்."

அவர் தள்ளிக்கொண்டார். தள்ளி நின்று மோதிர விரல் என்று குறித்துக்கொண்டார்.

"எப்பலேருந்து?" என்றாள் வெர்னெல்.

"ஈஸ்டர்."

"இப்ப செப்டம்பர்."

"தெரியும்."

"பிங்க்னிக்கும் தெரியுமா?"

பாருக்கு அந்தப் பக்கம் பிங்க்னி தன் கிடாரில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் வருதே, கைக்கு ஒண்ணுமில்லன்னு நெனச்சிட்டேன்யா" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். "என் தங்கச்சி டாக்டர்கிட்ட போன்னு நச்சரிச்சா. எதுக்குடி, போன ஞாயித்துக்கெழம வாசிச்சத நீ கேக்கலியேன்னு சொன்னேன். கேட்டவங்க எல்லாம் எழுந்து நின்னாங்கடின்னு சொன்னேன்."

"உனக்கு நல்லதுன்னு..."

"நீ நெனச்ச. நான் நம்பினேன்."

ஈஸ்டரிலேயே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும், சொல்லாமல் என்ன ஆயிற்று, இரண்டையும் எந்த மருத்துவரும் இனிமேல் அவனுக்குப் பிரித்துக் காட்டப்போவதில்லை.

"ரெண்டாவது செட்டுல உன் காலு வேணாம். பெரிய டிரம்மத் தொடாத. பிங்க்னியையும் கட்டவெரல எடுக்கச் சொல்லு."

"வேணாம் வெர்னெல். இவ்வளவு கூட்டம், பதிவு வேற ஓடுது. நாளைக்கு மூணு பேரும் தனியா உக்காந்து..."

"வீட்டுல தனியா வாசிச்சா இன்னொரு சாக்கு சொல்லிக்குவேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும். இங்கதான் கேக்கணும்."

இரண்டாவது செட்டின் தொடக்கத்திலேயே வெர்னெல் மெதுவான ப்ளூஸ் பாட்டு ஒன்றை எடுத்தாள். வேகமான பாட்டில் ஓட்டை ஓடி ஒளிந்துகொள்ளும்; மெதுவானதில் ஒளிய இடமில்லை. பன்னிரண்டு தாளக்கட்டு ஒரு சுற்று. கடைசிச் சுற்று வந்தால் வெர்னெல் இடது முஷ்டியை மேலே உயர்த்துவாள். அதைப் பார்த்து மூன்று பேரும் சேர்ந்து முடிப்பார்கள். அவர்களுக்குள் வேறு சைகை கிடையாது.

முதல் சுற்றில் ஆறு ஓட்டை. லூஷியஸின் கால் அவனைக் கேட்காமலே இரண்டு முறை மிதியை நோக்கிப் போயிற்று. கடைசியில் கணுக்காலை ஸ்டூலின் காலில் சுற்றிப் பூட்டிக்கொண்டான். இரண்டாவது சுற்றில் பதினொன்று. வலது கை மேலே தெய்வம் போல வாசித்தது. அது போகப் போகக் கீழே தரை இல்லை. ஏழு வருஷம் முன்னால் மனைவியை ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தபோதுகூட அவனுக்கு அங்கே வேலை இல்லை என்பது தெளிவாக இருந்தது. இங்கே வேலை இருக்கிறது, கால் இருக்கிறது, மிதி இருக்கிறது.

மூன்றாவது சுற்றில் பாரில் பேச்சு நின்றது. எர்னஸ்டீன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். நீளமான ஓர் ஓட்டை வந்தது, நாலு அடி முழுக்க. அதற்குள் மதர் பூலா தன் கிளாசைக் கீழே வைத்தாள்.

"அவசரமில்ல கண்ணு" என்றாள், கத்தாமல். "நிதானமா."

வெர்னெல்லின் முதுகு ஒரு கணம் விறைத்தது. அவளுக்கு அதன் அர்த்தம் தெரியும். அங்கே வழக்கமாக வருகிற எல்லோருக்கும் தெரியும்.

"நிதானமா, மிஸ் வெர்னெல்" என்றான் பாரில் ஊற்றிக் கொடுக்கிறவன். பிறகு பார் முழுக்க ஒவ்வொருவராக. டாக்டர் ஃபிப்ஸ் இது ஏதோ உள்ளூர் மரபு என்று புரிந்துகொண்டு, தானும் ஒரு தடவை சரியான உச்சரிப்போடு சொன்னார்.

நாலாவது சுற்று. ஐந்தாவது. லூஷியஸ் முஷ்டிக்காகக் காத்திருந்தான். போதும் வெர்னெல், கேட்டுவிட்டாய், முடித்துக்கொள். ஆறாவது சுற்றின் முடிவில் அவள் இடது கை கட்டைகளை விட்டு எழுந்தது. ஓர் அடி உயரம் வந்தது. அங்கேயே நின்றது. மூன்று விரல் மடங்கின, இரண்டு மடங்கவில்லை. பாதி திறந்த உள்ளங்கை.

மதர் பூலா அதைப் பார்த்து, சர்ச்சில் செய்வது போலத் தன் உள்ளங்கையை உயர்த்தினாள். பக்கத்திலிருந்தவர் உயர்த்தினார். பிறகு வரிசையாக எல்லோரும், கவுன்சிலர் உட்பட, பெர்ரிமன்ஸ் லவுஞ்ச் முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பிங்க்னி திரும்பி லூஷியஸைப் பார்த்தார். முடிக்கலாமா, என்று அவர் புருவம் கேட்டது. லூஷியஸ் அந்தக் கையைப் பார்த்தான். அது முஷ்டியா, இல்லையா என்று அவனால் சொல்ல முடியவில்லை. அவளைக் கேட்கவும் முடியவில்லை. தாளம் நிற்காது, சுற்று முடிந்துகொண்டிருந்தது, கை இன்னும் அங்கேயே இருந்தது.

அவர்கள் ஏழாவது சுற்றைத் தொடங்கினார்கள்.