கவுச்சி இல்லாத மாதங்கள்

மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வாயில் போடாமல் சமையற்கட்டு வாசலில் நின்றான் பீம்ராவ். உள்ளே அவன் மனைவி ராஜாத்தி, காசிமேட்டில் பேரம் பேசி வாங்கிவந்த நண்டுகளைத் தரையில் உட்கார்ந்து சுத்தம் செய்துகொண்டிருந்தாள். சில நண்டுகள் அலுமினியச் சட்டியில் இன்னும் கரகரவென்று ஊர்ந்தன.

“இன்னாய்யா, மாத்திரையவே பாத்துகினு கீற? அது இன்னா, சாமியா?”

“இனிமே இது வாணாம்மே.”

ராஜாத்தியின் கை நின்றது.

“டாக்டர் சொன்னாரா?”

“நான் சொல்றேன். தூக்கம் வர்து, பசிக்குது, யார்டுல சிரிக்கிறேன். எழுத்துதான் வர்ல. எல்லாத்தையும் இது வழிச்சு எட்த்துகினு பூட்ச்சு.”

திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் அவனுக்கு வேலை. அம்மாவின் சாவைப் பற்றி அவன் எழுதிய நாவலைப் படித்துவிட்டு, முன்பின் தெரியாதவர்கள்கூட போன் செய்து அழுதார்கள். அம்மா போன பிறகு அவனைப் பிடித்த மனச்சோர்வுதான் அதை எழுத வைத்தது என்று மேடைக்கு மேடை சொல்லியிருக்கிறான். போன வருஷம் அதே சோர்வு திரும்பி வந்தது. மாத்திரையில் அடங்கியது. அதற்குப் பிறகு ஒரு பக்கம்கூட எழுதவில்லை. மனம் அமைதியாக இருப்பதே அவனுக்குப் பயமாக இருந்தது.

“அந்த புக்கு எப்டி வந்துச்சு? நான் செத்துகினு இருந்தப்ப வந்துச்சு.”

“யாரு சொன்னா?”

“புக்கு பின்னாடியே போட்டுகீதே.”

“அத போட்டவன் நம்ம வூட்ல இருந்தானா?” ராஜாத்தி முந்தானையில் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். “ஆஸ்பத்திரில அம்மா உன் கைய உட்ற எடம். அதுக்குத்தான எல்லாரும் அழுவுறாங்க? எழுதினதும் என்கிட்ட படிச்சியே, எங்க வச்சு?”

“இங்கதான். இதே வாசப்படில நின்னுகினு.”

“நான் இன்னா பண்ணிகினு இருந்தேன்?”

பீம்ராவ் சட்டியைப் பார்த்தான்.

“நண்டு.”

அவள் இடது கட்டை விரலை நீட்டிக் காட்டினாள். நகத்துக்குக் கீழே பிறை மாதிரி ஒரு தழும்பு. “நீ படிச்சுகினு கீற, நான் அழுதுகினே நண்டு கொடுக்க பாக்காம உட்டேன். வெரல புட்ச்சிகிச்சு. நீ பேப்பர கடாசிட்டு ஓடியாந்து மஞ்சத்தூள அப்புன. அப்பால ரெண்டு பேரும் சிரியோ சிரின்னு சிரிச்சோம். அம்மா போனப்பறம் நீ சீக்கா பட்த்துகினு இருந்தப்ப இந்த வூட்டுக்குள்ள நண்டு வந்துச்சாய்யா? கவுச்சி அட்ச்சாலே வாந்தி வர்துன்ன. பருப்பு, ரசம், மறுபடி பருப்பு. ‘இன்னாக்கா, அண்ணன் மாலை போட்டுகீதா’ன்னு பக்கத்து வூட்டு ஷாலு கேட்டா. புத்தர் படம் மாட்டுன வூட்ல!”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அந்த மாதங்களும் நினைவுக்கு வந்தன. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தான். யார்டுக்குப் போன நாட்களிலும் லாரி நம்பரைச் சீட்டில் எழுதுவதற்குள் கை ஓய்ந்துவிடும். கதை எழுதவில்லை. கதை என்று ஒன்று இருப்பதே ஞாபகத்தில் இல்லை. நாவலை எழுதியது அதற்கப்புறம், இந்த வீட்டில் மறுபடியும் மீன் வாங்கத் தொடங்கிய பிறகு.

“அப்போ இப்ப ஏன் வர்ல?”

“நீ எங்க உக்காந்த? ஞாயித்துக்கெழம ஆனா கேரம் கிளப்புக்கு ஓட்ற.” அடுத்த நண்டை எடுத்தவள், அதைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். “எழுதலன்னாலும் பரவால்ல. நீ சோறு துன்னுகினு இரு. எனக்கு அது போதும்.”

அவன் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தான். கிளப்பிலிருந்து நண்பன் முபாஷிர் போன் செய்தான். “வர்ல மாமு, வேலை கீது” என்று வைத்துவிட்டு, ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துவந்து வாசலிலேயே உட்கார்ந்தான். அடித்தான், திருத்தினான், கடைசியில் நாலு வரி தேறியது. யார்டில் லாரிக்காரர்கள் சண்டை போட்டுக்கொள்வதைப் பற்றி. அதில் சோகம் எதுவும் இல்லை.

“படிக்கட்டா?”

“இரு, இரு.” ராஜாத்தி கொடுக்கைப் பிடித்து முறித்து ஓரமாகப் போட்டாள். “இப்ப படி.”